கூலிக்குப் பேசுகிற ஊர், கட்டணத்துக்கு ஏன் பேசுவதில்லை?

2009 மே மாதம் தேசிய ஓய்வூதியத் திட்டம் பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டபோது, அந்தப் பணத்தை நிர்வகிக்க ஆறு நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட ஆண்டுக் கட்டணம் 0.0009 சதவீதம். லட்ச ரூபாய்க்கு 90 பைசா. 50 லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் 45 ரூபாய். சென்னிமலை பஸ் நிலையத்தில் மூன்று பேர் டீ குடித்தால் தீர்ந்துவிடும் காசு.

அதே 50 லட்சத்தைச் சென்னிமலைக்காரர் ஒருவர் ‘பி.எம்.எஸ்.’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் போர்ட்ஃபோலியோ நிர்வாகக் கணக்கில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் பரவலாகக் கேட்கப்படுகிற 2.5 சதவீத நிலைக் கட்டணப்படி ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் போகும். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 22,500 ரூபாய். ஆக மொத்தம் 1,47,500. லாபம் வந்தாலும் போகும், நட்டம் வந்தாலும் போகும்.

இரண்டும் ஒரே வேலை இல்லைதான். ஓய்வூதியத் திட்டத்தின் பங்குப் பகுதி ஆரம்ப ஆண்டுகளில் சந்தைக் குறியீட்டெண்ணை அப்படியே பின்பற்றியது. எந்தப் பங்கை வாங்கலாம் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பி.எம்.எஸ். மேலாளர் அதைத்தான் செய்கிறேன் என்கிறார். போதாக்குறைக்கு 0.0009 என்பது கட்டுப்படியாகாத அடிமாட்டு விலை. அந்தக் காசில் திட்டத்தை எடுத்துச் சொல்லவே ஆள் கிடைக்கவில்லை; ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையமே பிறகு கட்டணத்தை உயர்த்த வேண்டி வந்தது. 2021-ல் வந்த புதிய படிநிலையில் அதிகபட்சம் 0.09 சதவீதம். ஆனாலும் 0.09-க்கும் 2.5-க்கும் நடுவில் இருக்கிற தூரத்துக்கு வேலைப்பளு மட்டும் காரணம் இல்லை. அங்கே லட்சக்கணக்கானவர்கள் சார்பில் ஓர் ஆணையம் உட்கார்ந்து விலை கேட்டது. இங்கே ஒரு தனி ஆள். எதிரில் மாத டார்கெட்டோடு ஒரு விற்பனையாளர்.

பேரம் பேசத் தெரியாத மண்ணா இது? ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில், பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாமல் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசிய பரம்பரை. விசைத்தறிக் கூலியை இங்கே ஊடை இழையை எண்ணும் ‘பிக்’ கணக்கில் பைசா பைசாவாகப் பேசுவார்கள்; ஒத்துவராவிட்டால் தறியை நிறுத்துவார்கள். 2021 நவம்பரில் பேசி முடித்த கூலி உயர்வு கைக்கு வரவில்லை என்று 2022 தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் வாரக்கணக்கில் ஓடவில்லை. சென்னிமலையில் போர்வைக்கு நூல் எடுக்கிறவர் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நிற்பார். அவரேதான் பல பக்க ஆங்கில ஒப்பந்தத்தில் பென்சிலால் டிக் போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, “நல்லாப் பாத்துக்குங்க தம்பி” என்று சொல்லி அனுப்புகிறார்.

நூல் கொள்முதலில் காட்டுகிற சாமர்த்தியத்தில் கால்பங்கை இங்கே காட்டினால் போதும். ஏனென்றால் இந்த ஒப்பந்தத்தில் பேசுவதற்கு இடம் இருக்கிறது. சட்டம் சிலவற்றுக்கு உச்சவரம்பு போட்டிருக்கிறது; மீதியை இரண்டு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறது. பேசாதவருக்கு நிறுவனம் அச்சடித்து வைத்திருக்கும் விலைதான் விலை.

முதலில் இந்தக் கணக்கு என்னவென்று பார்த்துவிடலாம். மியூச்சுவல் ஃபண்டில் எல்லோர் பணமும் ஒரே பானையில் விழுகிறது. நமக்குக் கிடைப்பது யூனிட். பி.எம்.எஸ்.ஸில் பங்குகள் வாடிக்கையாளரின் சொந்தப் பெயரிலேயே இருக்கும். எதை வாங்குவது, எப்போது விற்பது என்ற அதிகாரம் மட்டும் மேலாளரிடம். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்துகிற செபி இதற்கு 1993-லேயே விதிமுறை கொண்டுவந்தது. குறைந்தபட்ச முதலீடு ஒரு காலத்தில் 5 லட்சமாக இருந்தது. 2012-ல் 25 லட்சம் ஆனது. 2020 ஜனவரியில் வந்த புதிய விதிமுறையில் 50 லட்சம். விவரம் தெரிந்த பணக்காரர்கள் மட்டும் வரட்டும் என்பது செபியின் எண்ணம். பணம் இருப்பவருக்கு விவரமும் இருக்கும் என்று மும்பையில் உட்கார்ந்து நினைத்துக்கொள்வது சுலபம்.

கொங்கு நாட்டில் 50 லட்சம் வருகிற வழி வேறு. பெருந்துறை சிப்காட் பக்கமோ கோவை புறவழிச் சாலையோரமோ இருந்த தோட்டம் விற்றிருக்கும். அண்ணன் தம்பி பாகம் பிரிந்து மில் கைமாறியிருக்கும். பனியன் ஏற்றுமதியில் இரண்டு நல்ல வருடம் வந்திருக்கும். தொழிலில் புலி, ஆனால் பங்குச் சந்தைப் பணத்தை முன்பின் பார்த்திராதவர். பெரிய தொகை கணக்கில் விழுந்த இரண்டொரு நாளில் வங்கியிலிருந்து போன் வந்துவிடும்: “அண்ணா, ஒரு பத்து நிமிசம் பாக்கலாங்களா?”

வருகிற தம்பி நல்லவராகவே இருக்கலாம். அவருக்குச் சம்பளம் தருவது யார் என்பதுதான் கேள்வி. மாட்டுச் சந்தையில் தரகர் இரண்டு பக்கமும் தரகு வாங்குவார். அது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தே கொடுப்பார்கள். பி.எம்.எஸ். விற்கிற வங்கியோ விநியோகஸ்தரோ வாடிக்கையாளரிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. நிறுவனம் எடுக்கிற ஆண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கு அவருக்கு ஆண்டுதோறும் போய்க்கொண்டே இருக்கும். ‘ட்ரெயில்’ என்பார்கள். கட்டணம் குறைந்தால் அவர் பங்கும் குறையும். அப்படிப்பட்டவர் நமக்காகக் கட்டணத்தைக் குறைத்துப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது அவருக்கே செய்கிற அநியாயம்.

இதற்கு நேர்மாறான ஆள் ஒருவர் சட்டத்தில் இருக்கிறார். செபி 2013 ஜனவரியில் கொண்டுவந்த விதிமுறைப்படி பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர். அவர் வாடிக்கையாளரிடம் மட்டுமே கட்டணம் வாங்கலாம். 2020-ல் இது இன்னும் இறுக்கப்பட்டது: ஒரு குடும்பத்துக்கு ஆலோசனை சொல்கிறவர் அதே குடும்பத்துக்குத் திட்டங்களை விற்றுக் கமிஷன் வாங்கக் கூடாது. கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. ஆலோசனைக்கு உட்பட்ட சொத்தில் ஆண்டுக்கு 2.5 சதவீதம் வரை, அல்லது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை. இந்த இரண்டாவது வரம்பு 2025-ல் 1,51,000 ஆனது. பல ஆலோசகர்கள் இதைவிடக் கணிசமாகக் குறைவாகவே வாங்குகிறார்கள்.

நாடு முழுக்க இப்படிப் பதிவு பெற்றவர்கள் ஆயிரம் பேரைச் சுற்றித்தான். மியூச்சுவல் ஃபண்ட் விற்கப் பதிவு செய்தவர்களோ லட்சத்துக்கு மேல். காரணம் சிக்கலானதல்ல. “வாயில சொல்றதுக்கெல்லாம் காசுங்களா?” என்று கேட்கிற ஊர்தான் எல்லா ஊரும். கண்ணுக்குத் தெரிந்து கையிலிருந்து போகிற 30,000 ரூபாய் உறுத்துகிறது. கண்ணுக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து கழிகிற ஒன்றரை லட்சம் உறுத்துவதில்லை.

நல்ல ஆலோசகர் என்ன பேசுவார்? பொதுவாக எல்லோரும் நினைப்பது அவர் நல்ல பங்கு சொல்வார் என்று. பி.எம்.எஸ். விஷயத்தில் அவருடைய உண்மையான வேலை பங்குக்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. ஒப்பந்தத்தின் கட்டணப் பக்கத்தில்.

நிலைக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக ஆண்டுக்கு 12 சதவீத வளர்ச்சி என்று வைப்போம். அப்படி வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, தரவும் சட்டத்தில் இடமில்லை. கட்டணம் 2.5 சதவீதம் போனால் கையில் நிற்பது 9.5. இருபது வருடத்தில் 50 லட்சம் ஏறக்குறைய 3 கோடியே 7 லட்சம் ஆகும். கட்டணம் ஒரு சதவீதமாக இருந்தால் கையில் நிற்பது 11. அதே 50 லட்சம் 4 கோடியே 3 லட்சம். வித்தியாசம் 96 லட்சம். போட்ட முதலுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு, வெறும் ஒன்றரை சதவீதப் பேச்சில். ஜிஎஸ்டியை இதில் சேர்க்கவே இல்லை.

ஐம்பது லட்சத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 2.5-ஐ ஒன்றாக்கச் சொன்னால் பெரிய நிறுவனம் சிரிக்கும் என்பதும் உண்மைதான். அங்கே விலைப்பட்டியல் தொகையைப் பார்த்துப் படிப்படியாக இறங்கும். கோடிகள் கூடக் கூடக் குரல் மென்மையாகும். ஆனால் பட்டியலிலேயே பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டண முறைகள் இருக்கும். நிலைக் கட்டணம் மட்டும் என்று ஒன்று. நிலைக் கட்டணம் குறைவாக, லாபத்தில் பங்கு என்று இன்னொன்று. நிலைக் கட்டணமே இல்லாமல் லாபத்தில் பெரிய பங்கு என்று மூன்றாவதும் சில இடங்களில் உண்டு. வருகிற தம்பி தனக்குத் தோதான ஒன்றைத்தான் மேலே வைத்துக் காட்டுவார். மற்ற இரண்டையும் எடுக்கச் சொல்வதே முதல் பேரம்.

லாபப் பங்கில்தான் சூட்சுமம் அதிகம். “பத்து சதவீதத்துக்கு மேல வர்ற லாபத்துல மட்டும் 20 சதவீதம் எடுத்துக்குவோம்” என்பது வழக்கமான பேச்சு. இந்தப் பத்துக்கு ‘ஹர்டில்’ என்று பெயர். 50 லட்சம் ஒரே வருடத்தில் 60 லட்சம் ஆனால் லாபம் 10 லட்சம். பத்து சதவீதமான 5 லட்சத்தைத் தாண்டிய மீதி 5 லட்சத்தில் 20 சதவீதம், அதாவது ஒரு லட்சம் மேலாளருக்கு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் ‘கேட்ச்-அப்’ என்றொரு சொல் ஒளிந்திருந்தால் கதை மாறும். ஹர்டிலைத் தாண்டிவிட்டால் பிறகு மொத்த லாபத்துக்கும் சேர்த்து மேலாளர் தன் பங்கை ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று அதற்குப் பொருள். அப்போது அவருக்குப் போவது 2 லட்சம். ஒரே சொல்லில் ஒரு லட்சம் இடம் மாறிவிட்டது. ஹர்டில் வேண்டும், கேட்ச்-அப் வேண்டாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கேட்கிறவருக்குக் கிடைக்கும்.

சட்டமே நமக்காகப் பேசிவைத்த இடமும் இருக்கிறது. 2010-ல் செபி ‘ஹை வாட்டர் மார்க்’ முறையைக் கட்டாயமாக்கியது. மேலே சொன்ன கணக்கையே நீட்டுவோம்: 60 லட்சம் அடுத்த வருடம் சந்தை சரிந்து 50 லட்சத்துக்கு இறங்குகிறது, மூன்றாம் வருடம் திரும்ப 60 லட்சத்துக்கு ஏறுகிறது. வாடிக்கையாளர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். ஆனால் மூன்றாம் வருடத்தை மட்டும் வெட்டிப் பார்த்தால் 10 லட்சம் லாபம்! பழைய நாட்களில் அதற்கும் பங்கு கேட்க வழி இருந்தது. இப்போது முன்பு தொட்ட உச்சமான 60 லட்சத்தைத் தாண்டினால்தான் அடுத்த லாபப் பங்கு. ஒரே மழைக்கு இரண்டு தீர்வை இல்லை. இருந்தாலும் லாபத்தை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடுவது என்பது ஒப்பந்தத்தின் விஷயம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கிட்டால் இடையில் வருகிற சின்ன உச்சத்துக்கெல்லாம் பங்கு போய்விடும். வருடத்துக்கு ஒருமுறை என்று எழுதச் சொல்வது வாடிக்கையாளருக்கு நல்லது.

2020 பிப்ரவரியில் இன்னும் சில முடிச்சுகளை செபி அவிழ்த்தது. கணக்குத் தொடங்கும்போதே முன்கட்டணம் வாங்கக் கூடாது. முதல் வருடத்தில் வெளியேறினால் அதிகபட்சம் 3 சதவீதம், இரண்டாம் வருடம் 2, மூன்றாம் வருடம் 1. அதன்பிறகு வெளியேறும் கட்டணமே கிடையாது. தரகுத் தொகையை நீக்கிய இதர நிர்வாகச் செலவுகள் ஆண்டுக்கு அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இவையெல்லாம் உச்சவரம்புகள், விலை அல்ல. மூன்று வரை வாங்கலாம் என்றால் மூன்றும் வாங்கியே தீர வேண்டும் என்று பொருளில்லை. வெளியேறும் கட்டணமே இல்லாமல் கணக்குத் திறந்து தருகிற நிறுவனங்களும் உண்டு.

இன்னொன்று, கொங்கு வட்டாரத்துக்கென்றே சொல்ல வேண்டியது. பி.எம்.எஸ். ஒப்பந்தத்தில் எந்தத் துறைப் பங்கை வாங்கக் கூடாது என்று வாடிக்கையாளர் எழுதிக் கேட்கலாம். மது, புகையிலைப் பங்குகள் வேண்டாம் என்பவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். நூற்பாலையோ சாயப்பட்டறையோ வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய பயன் இதில் இருக்கிறது. அவர் வீடு, தொழில், கடன், மச்சான் வியாபாரம் எல்லாமே ஏற்கெனவே ஜவுளியில் கட்டுண்டு கிடக்கிறது. பருத்தி விலை தாறுமாறாக ஏறுகிற வருடத்தில் தொழிலும் அடிவாங்கும். முதலீட்டிலும் ஜவுளிப் பங்கு இருந்தால் அதுவும் அடிவாங்கும். ‘ஜவுளி வேண்டாம்’ என்று ஒரு வரி எழுதச் சொல்ல ஒரு ரூபாய் செலவில்லை. பக்கத்தில் ஒரு ஆலோசகர் இருந்தால் அந்த வரி எழுதப்படும்.

வரியும் இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டுக்குள் மேலாளர் நூறு முறை வாங்கி விற்றாலும் யூனிட்டை விற்கும் வரை முதலீட்டாளருக்கு வரி இல்லை. பி.எம்.எஸ்.ஸில் பங்கு நம் பெயரில் இருப்பதால் மேலாளர் விற்கிற ஒவ்வொரு விற்பனையும் நம் வருமான வரிக் கணக்கில் வந்து விழும். 2024 ஜூலை 23 முதல், ஒரு வருடத்துக்குள் விற்ற பட்டியலிட்ட பங்குகளின் லாபத்துக்கு 20 சதவீதம், அதற்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 சதவீதம். நிறுவனம் காட்டுகிற வருமான எண் பொதுவாக இந்த வரிக்கு முந்தையது. ஆண்டுக்கு எவ்வளவு வாங்கி விற்பீர்கள் என்று கேட்டால் மேலாளரின் குணம் பாதி தெரிந்துவிடும்.

இங்கே ஒரு சந்தேகம் எழும். இத்தனை கேள்வி கேட்டால் நல்ல மேலாளர் நம்மை வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாரா? வெளிநாடுகளில் பெரிய ஓய்வூதிய நிதியங்கள் கேட்பதைப் பார்த்தால் நம் கேள்விகள் ஒன்றுமே இல்லை. இதே உத்தியை, இதே அளவு பணத்துக்கு வேறு யாருக்காவது குறைந்த கட்டணத்தில் கொடுத்தால் எங்களுக்கும் தானாகவே அந்தக் கட்டணம் வந்துவிட வேண்டும் என்று அவை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகின்றன. அமெரிக்காவில் கலிஃபோர்னியா அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியமான கால்பெர்ஸ், செலவும் சிக்கலும் அதிகம் என்று சொல்லி 2014-ல் ஹெட்ஜ் ஃபண்டுகளில் போட்டிருந்த ஏறக்குறைய 400 கோடி டாலரைத் திரும்ப எடுக்க முடிவெடுத்தது. பிரிட்டனில் 2012 முடிவோடு, முதலீட்டு ஆலோசனை சொல்கிறவர்கள் திட்டம் நடத்தும் நிறுவனங்களிடம் கமிஷன் வாங்குவது நிறுத்தப்பட்டது. அடுத்த நாள், 2013 ஜனவரி 1 அன்று, இந்தியாவில் மியூச்சுவல் ஃபண்டுகளுக்குக் கமிஷன் இல்லாத ‘டைரக்ட்’ திட்டங்கள் வந்தன. பி.எம்.எஸ்.ஸிலும் இடையில் யாரும் இல்லாமல் நேரடியாகக் கணக்குத் தொடங்கும் வசதியை 2020 அக்டோபர் முதல் எல்லா நிறுவனங்களும் தர வேண்டும் என்று ஆகிவிட்டது. அந்த வழியில் போனால் விநியோகஸ்தருக்குப் போகிற பங்கு மிச்சம். மிச்சமானது தானாக நம் பைக்கு வராது; கேட்டு வாங்க வேண்டும்.

கொங்கு நாட்டுக்குக் கேள்வி கேட்கும் பழக்கமே இல்லை என்று சொல்ல முடியாது. கேட்டது தப்பான கேள்வி. சென்னிமலையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் பெருந்துறை. 2012-ல் அங்கே சுசி ஈமு நிறுவனம் கவிழ்ந்தபோது அதன் ஒப்பந்தத்தைப் பலரும் முதன்முறையாகப் படித்தார்கள். ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு ஈமு குஞ்சு, தீவனம், மாதம் 6,000 ரூபாய், வருடத்துக்கு 20,000 போனஸ். வருடத்துக்கு 92,000, போட்ட பணத்தில் 60 சதவீதத்துக்கும் மேல். வளர்க்கச் சிரமமா, நாங்களே வளர்த்துத் தருகிறோம், பணம் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று இன்னொரு திட்டமும் இருந்தது. அதுவும் ஒரு வகையில் நிர்வகிக்கப்படும் கணக்குதான். பங்குக்குப் பதில் பறவை. திரை நட்சத்திரங்கள் விளம்பரத்தில் வந்தார்கள். அந்தப் பறவையின் கறியை, எண்ணெயை, இறகை யார் எந்த விலைக்கு வாங்குகிறார்கள் என்று கேட்டிருந்தால் அன்றே கடை சாத்தியிருக்கும். அதற்கு மூன்று வருடம் முன்னால் திருப்பூரில் பாசி நிறுவனம் அந்நியச் செலாவணி வியாபாரம் என்று சொல்லிச் சுமார் 930 கோடி ரூபாயைச் சுருட்டியது. அதன் வழக்கில் கோவை சிறப்பு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில்தான் தீர்ப்புச் சொன்னது: 27 ஆண்டு சிறை, 171 கோடியே 74 லட்சம் ரூபாய் அபராதம்.

இரண்டிலும் மக்கள் கேட்டது “எவ்வளவு தருவீங்க?” என்ற ஒரே கேள்வி. எவ்வளவு எடுத்துக்கொள்வீர்கள், சொத்து யார் பெயரில் இருக்கும், நான் வேண்டும் என்கிற அன்றைக்குத் திரும்பி வருமா என்ற மூன்றையும் கேட்கவில்லை. செபியில் பதிவு பெற்ற பி.எம்.எஸ்.ஸை ஈமுவோடு ஒன்றாகக் கட்டுவது அநியாயம். அங்கே கண்காணிப்பு உண்டு, பங்குகளைப் பாதுகாக்கத் தனிக் காப்பாளர் உண்டு. ஆனால் வாடிக்கையாளரின் மனம் இரண்டிலும் ஒன்றாகவே வேலை செய்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. பதிவு பெற்ற இடத்திலும் கையெழுத்து எதற்கு என்று பார்க்காமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு கார்வி சாட்சி. வாடிக்கையாளர்கள் எழுதிக் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியைக் கொண்டு அந்தப் பங்குத் தரகு நிறுவனம் அவர்களுடைய பங்குகளையே அடகு வைத்துக் கடன் வாங்கியது. 2019 நவம்பரில் செபி தடை போட்டபோது 95,000-க்கும் மேற்பட்டவர்களின் பங்குகள் அதில் சிக்கியிருந்தன. அதன்பிறகுதான் பங்கு அடமான முறை மாற்றப்பட்டது. பவர் ஆஃப் அட்டர்னிக்குப் பதிலாக, குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும் அதிகாரம் தருகிற குறுகிய படிவம் வந்தது.

ஆலோசகர்களையும் கோயிலில் வைத்துக் கும்பிட வேண்டியதில்லை. சொத்தில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் வாங்குகிற ஆலோசகருக்கு அவருடைய அரிப்பு உண்டு. “கடனை அடைச்சுடலாங்களா, இல்ல சந்தையிலயே இருக்கட்டுங்களா?” என்று கேட்டால், கடனை அடைத்தால் தன் வருமானம் குறையும் என்ற எண்ணம் அவர் மண்டைக்குள் ஒரு ஓரத்தில் ஓடும். ஆண்டுக்கு இவ்வளவு என்று நிலையாகப் பேசி வைத்துக்கொள்வது மேல். அப்படிப்பட்டவர் முதலில் கேட்கிற கேள்வியே உங்களுக்கு பி.எம்.எஸ். எதற்கு என்பதாகத்தான் இருக்கும். கையில் இருக்கிறதே 60 லட்சம் என்கிறவர், அதில் 50-ஐக் கொண்டுபோய் ஒரே மேலாளரிடம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. செலவு குறைந்த இரண்டு மூன்று டைரக்ட் ஃபண்டுகள் போதும். இதைச் சொல்வதால் ஆலோசகருக்கு நட்டமில்லை, வங்கித் தம்பிக்கு நட்டம். ஆகவேதான் ஆலோசகருக்கு நாமே காசு கொடுக்க வேண்டும்.

ஒரே ஆலோசகர் பத்துக் குடும்பங்களுக்காக ஒரே மேலாளரிடம் பேசினால் மேஜையில் இருப்பது 50 லட்சம் அல்ல, ஐந்து கோடி. விலைப்பட்டியலில் கீழே இறங்கக் கேட்கும் தெம்பு அங்கேதான் வருகிறது. இந்தக் கூட்டுப் பேச்சுக்குச் சென்னிமலையைவிடப் பழக்கப்பட்ட ஊர் குறைவு. தனி நெசவாளிக்கு நூல் கொடுத்தவன் சொன்ன கூலியே கூலி என்றிருந்த காலத்தில் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம் கட்டியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். போர்வையை கோ-ஆப்டெக்ஸிடம் விலை பேசி விற்றவை சென்டெக்ஸ் போன்ற சங்கங்கள்; நெசவாளி தனியாகப் போய் நிற்கவில்லை. தாத்தா சங்கமாகப் பேசி வாங்கிய கூலியில் எழுந்த குடும்பத்துப் பேரன், தன் முதலுக்குத் தனியாக உட்கார்ந்து தலையாட்டுகிறான்.

ஏலச்சீட்டையாவது பாருங்கள். சீட்டு நடத்துகிறவருக்கு எத்தனை சதவீதம் என்பது பாட்டிக்கும் தெரியும். 1982-ம் ஆண்டுச் சட்டத்தில் 5 சதவீதமாக இருந்த அந்த வரம்பு 2019 திருத்தத்தில் 7 ஆனபோது, அதைப் பற்றிக் கடைவீதியில் பேச்சு இருந்தது. பி.எம்.எஸ். வைத்திருக்கிற பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள், போன வருடம் கட்டணமாக எத்தனை ரூபாய் போனது என்று. கடைசி அறிக்கையில் அச்சாகியிருக்கும் தொகைதான்; எடுத்துப் பார்த்தவர் அரிது.

செபி 2024-ல் கட்டண விவரத்தைத் தெளிவாகக் காட்டவும், புதிய வாடிக்கையாளர் அதைப் புரிந்துகொண்டார் என்பதை உறுதிசெய்யவும் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. நல்ல காரியம், அரைக் காரியம். புரிந்துகொள்ள வேண்டிய தாள் இங்கே பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. தமிழில் தொழில் நடத்தி, தமிழில் கணக்கு எழுதி, தமிழில் பேரம் பேசிச் சம்பாதித்த பணத்துக்கான ஒப்பந்தம் தமிழிலும் வர வேண்டும். குறைந்தபட்சம் அந்தக் கட்டணப் பக்கமாவது. இரண்டாவது கோரிக்கை: விநியோகஸ்தருக்கு ஆண்டுக்கு எத்தனை ரூபாய் போகிறது என்பதைச் சதவீதமாக அல்ல, ரூபாயாக, வாடிக்கையாளரின் அறிக்கையிலேயே எழுத வேண்டும். சீட்டுக்காரர் சொல்லும்போது கோடிகளை ஆள்கிற நிறுவனம் சொல்லக் கூடாதா?

அதுவரை, ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் ஒப்பந்தத்தின் கட்டணப் பக்கத்தை இந்த வாரமே வெளியே எடுங்கள். ஹர்டில் எவ்வளவு, கேட்ச்-அப் இருக்கிறதா, கணக்கு வருடத்துக்கு ஒருமுறையா மூன்று மாதத்துக்கா என்று எழுத்தில் கேளுங்கள். இனிமேல் போடப்போகிறவர்கள், வருகிற ஆலோசகரோ மேலாளரோ உண்மையிலேயே பதிவு பெற்றவரா என்று செபி இணையதளப் பட்டியலில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் செபியின் இலவச உதவி எண் 1800 266 7575. அங்கே தமிழிலும் பேசலாம்.